பட்டாணித் தோட்டத்துத் துறவி கிரகோர் மெண்டல்



நம் பங்கு இல்லங்களின் சுற்றுச்சுவர் ஓரத்திலும், வீட்டுக் கிணற்றடியிலும் யாரும் நடாமலேயே முளைத்து வளர்ந்து நிற்கும் ஒரு செடி அந்திமந்தாரை. பகலெல்லாம் கூம்பிக் கிடந்து, மாலை மணி நான்கு ஐந்து ஆனதும் மலரும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் பூக்கும். மிளகு போன்ற அதன் கறுப்பு விதைகளைப் பொறுக்கி விளையாடாத குழந்தைகள் நம் ஊர்களில் குறைவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது.

இந்தச் செடியின் பூ ஒன்றின் முன்னால், ஐரோப்பாவின் பிர்னோ நகரில், ஒரு துறவி பொறுமையாக அமர்ந்திருந்தார். அவர் கையில் இருந்தது ஒரேயொரு மகரந்தத் துகள். அந்திமந்தாரையின் மகரந்தம் மற்றப் பூக்களின் மகரந்தத்தைவிடப் பெரிது. ஆகவே ஒரு துகளைத் தனியே பிரித்து எடுக்க முடியும். அந்த ஒற்றைத் துகளை அவர் பூவின் சூல்முடியில் வைத்தார். ஒரு விதை உருவாக ஒன்றுக்கு மேற்பட்ட துகள்கள் வேண்டும் என்று டார்வின் உட்படப் பேரறிஞர்கள் எண்ணியிருந்த காலம் அது. துறவியின் பூக்களோ ஒரே துகளைப் பெற்று நல்ல விதைகளைத் தந்தன. விதைகள் முளைத்துச் செழிப்பாகவும் வளர்ந்தன. 1870ஆம் ஆண்டில் தன் அறிஞர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவர் தெரிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய கண்கள் கடுமையாகப் பழுதுபட்டிருந்தன. மிகச் சிறிய பூக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஒளியைக் குவிக்கும் ஆடியும் கொண்டு பல மாதங்கள் பார்த்ததால் வந்த வினை அது.

அந்தத் துறவிதான் கிரகோர் மெண்டல். பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்த அதே மெண்டல். மரபியலின் தந்தை என்று மனப்பாடம் செய்து, மூன்றுக்கு ஒன்று என்று தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதுகூடப் பலருக்கு நினைவிருப்பதில்லை.

1822ஆம் ஆண்டு ஜூலை மாதம், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த சிலேசியாவின் ஹைன்சென்டார்ஃப் என்ற சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் அவர் பிறந்தார். இன்று அந்த ஊர் செக் குடியரசில் ஹின்சிட்சே என்ற பெயரில் இருக்கிறது. திருமுழுக்கில் பெற்ற பெயர் யோகான். தந்தை அந்தோன், நெப்போலியன் காலப் போர்களில் படைவீரராக இருந்துவிட்டு ஊர் திரும்பி நிலத்தை உழுதவர். தாய் ரோசின் தோட்டக்காரர் குடும்பத்துப் பெண். அக்காள் வெரோனிக்கா, தங்கை தெரேசியா. சொந்தமாகச் சிறிது நிலம் இருந்தாலும், வாரத்தில் மூன்று நாள் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்தாக வேண்டும் என்பது அன்றைய சட்டம்.

அந்த ஊர்ப் பங்குத்தந்தை யோகான் ஷ்ரைபர் பழமரங்களை வளர்ப்பதில் தேர்ந்தவர். நல்ல வகை மரங்களின் ஒட்டுக்கிளைகளைத் தம் மக்களுக்குக் கொடுத்து, அவரவர் தோட்டத்தில் ஒட்டுக்கட்டச் சொல்லிக்கொடுப்பார். ஊர்ப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி, மரம் வளர்ப்பும் தேனீ வளர்ப்பும்கூடப் பாடமாக இருந்தன. பேரறிஞர்களின் வாழ்க்கையை எழுதுவோர் பல்கலைக்கழகங்களையும் பேராசிரியர்களையும் தேடிப் போவார்கள். மெண்டலைப் பொறுத்தவரை, இந்தப் பங்குத்தந்தையின் தோட்டத்திலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

சிறுவன் படிப்பில் கெட்டி. ஆனால் வீட்டில் பணம் இல்லை. வெளியூரில் தங்கிப் படித்த பள்ளியில் முழுச் சாப்பாட்டுக்குக் கட்டணம் கட்ட முடியாத நிலை. 1838ஆம் ஆண்டு, பண்ணையாருக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தபோது மரத்தடி ஒன்று தந்தையின் மார்பில் மோதி அவரை நிரந்தர நோயாளியாக்கியது. பதினாறு வயது மகன் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவிக்கொண்டு படிப்பைத் தொடர்ந்தான். பலமுறை நோயுற்று, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக வீட்டில் கிடந்தான். உடல் நோயா, மனச்சோர்வா என்று பிரிக்க முடியாத நோய் அது. வாழ்நாளெல்லாம் அது அவரைத் தொடர்ந்தது. நிலத்தை மூத்த மருமகனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஒலொமோட்ஸ் நகரில் மேற்படிப்பைத் தொடர வழியில்லாதபோது, தங்கை தெரேசியா தன் திருமணத்துக்கென ஒதுக்கியிருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தாள். அந்தக் கடனை அண்ணன் எப்படித் தீர்த்தார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஒலொமோட்ஸில் இயற்பியல் கற்பித்த பேராசிரியரின் பரிந்துரையுடன், 1843ஆம் ஆண்டு அவர் பிர்னோவில் இருந்த தூய தோமையார் துறவு மடத்தில் சேர்ந்தார். 2025ஆம் ஆண்டு திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 14ஆம் லியோ சார்ந்திருக்கும் அதே அகுஸ்தீனார் சபையின் மடம் அது. அங்கேதான் கிரகோர் என்ற பெயர் வந்தது. அன்றாடச் சோற்றுக் கவலை தீர்ந்தது என்பதும் தம்மை அங்கே சேர வைத்தது என்று பின்னாளில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதைப் படித்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. பட்டினி கிடந்து படித்தவருக்கு அந்தக் கவலை எவ்வளவு பெரிது என்பதை நாம் யோசித்துப் பார்க்கலாம்.

1847ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அவர் குருவானார். அடுத்த ஆண்டு பங்குப் பணி. அருகிலிருந்த மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து, மரணப் படுக்கையில் இருப்போருக்கு அருளடையாளங்கள் வழங்குவதும் அதில் அடங்கும். அதுதான் அவரால் இயலாமற்போனது. பிறர் படும் வேதனையைக் கண்டால் அவர் உடல் நடுங்கும். கடைசியில் தாமே நோயாளியாகிப் படுத்துவிட்டார். ஒரு குருவுக்கு இதைவிட வெட்கமான தோல்வி உண்டா?

மடத்துத் தலைவர் சிரில் நாப் நல்ல மனிதர். இளங்குருவைக் கடிந்துகொள்ளாமல், அவரால் எது முடியாது, எது முடியும் என்பதை ஆயருக்கு எழுதி, 1849ஆம் ஆண்டு ஸ்னோய்மோ நகரப் பள்ளிக்குத் துணை ஆசிரியராக அனுப்பிவைத்தார். வகுப்பறையில் மெண்டல் மலர்ந்தார். மாணவர்கள் அவரை நேசித்தார்கள். ஆனால் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் அரசின் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். 1850இல் எழுதினார், தோற்றார். உயிரியல் தொடர்பான வினாக்களும் அவர் சறுக்கியவற்றில் அடங்கும் என்பது வேடிக்கை. பிறகு நாப் அவரை 1851 முதல் 1853 வரை வியன்னா பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தார். டாப்ளரிடம் இயற்பியலும், உங்கரிடம் தாவரவியலும் கற்றார். 1856இல் மீண்டும் தேர்வுக்குச் சென்றார். இம்முறை நோயுற்று இடையிலேயே திரும்பிவிட்டார். பதினான்கு ஆண்டுகள் பிர்னோவில் இயற்பியலும் இயற்கை வரலாறும் கற்பித்த அவர், கடைசிவரை தகுதிச் சான்றிதழ் இல்லாத துணை ஆசிரியராகவே இருந்தார்.

இரண்டாம் தோல்வியோடு திரும்பிய அதே 1856ஆம் ஆண்டில்தான் பட்டாணிக் கலப்புச் சோதனை தொடங்கியது.

மடத்தின் சாளரங்களுக்குக் கீழே ஒரு நீளமான பாத்தி, சுமார் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. பக்கத்தில் ஒரு கண்ணாடி வீடு. இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம். முதலில் அவர் எலிகளை வளர்த்து அவற்றின் மயிர் நிறத்தை ஆராய்ந்தார் என்றும், துறவியின் அறையில் எலிகள் குட்டி போடுவதை ஆயர் விரும்பாததால் செடிகளுக்கு மாறினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். எது எப்படியோ, பட்டாணியைத் தேர்ந்ததற்கு அந்தச் செடியே நல்ல காரணங்களைத் தருகிறது.

பட்டாணிப் பூவைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? கொடி இதழ் ஒன்று பின்னால் நிமிர்ந்திருக்கும், இரண்டு பக்கமும் சிறகு இதழ்கள், நடுவில் படகுபோல் ஒட்டிய இரண்டு இதழ்கள். அந்தப் படகுக்குள்ளே பத்து மகரந்தத்தாள்களும் சூலகமும் பூட்டிவைத்ததுபோல் இருக்கும். பூ விரியும் முன்னரே உள்ளே மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் படிந்துவிடும். தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், நெட்டைச் செடியின் பிள்ளைகள் நெட்டையாகவும், குட்டைச் செடியின் பிள்ளைகள் குட்டையாகவும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். வெளி மகரந்தம் கலக்க வேண்டுமென்றால் மனிதர் கைவைத்தால்தான் உண்டு. மெண்டல் மொட்டு முற்றும் முன் அதைத் திறந்து, பத்து மகரந்தத்தாள்களையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் வைப்பார். ஆயிரக்கணக்கான பூக்கள். பருத்த உடம்புக்காரரான அவர் பாத்தியின் ஓரத்தில் குனிந்து நின்று இதைச் செய்ததை நினைத்துப் பாருங்கள்.

தொடங்கும் முன் இரண்டு ஆண்டுகள் செலவிட்டு, விதைக் கடைகளில் வாங்கிய 34 வகைகளை விதைத்துப் பார்த்து, குணம் மாறாத 22 வகைகளை மட்டும் வைத்துக்கொண்டார். விதை உருண்டையா சுருங்கியதா, உள்ளே மஞ்சளா பச்சையா, பூ ஊதாவா வெள்ளையா, காய் உப்பியதா இடுங்கியதா, காயின் நிறம் பச்சையா மஞ்சளா, பூ தண்டு நெடுகப் பூக்கிறதா நுனியில் பூக்கிறதா, செடி நெட்டையா குட்டையா என்று ஏழு குணங்களை எடுத்துக்கொண்டார். இடைநிலை இல்லாமல், பார்த்ததும் இது அல்லது அது என்று சொல்லிவிடக்கூடிய குணங்கள்.

தோட்டம் என்றால் பூச்சி இல்லாமலா? பட்டாணிக்கு ஒரு தனி எதிரி உண்டு. பட்டாணி வண்டு என்ற சிறு வண்டின் புழு பட்டாணி மணிக்குள் புகுந்து, உள்ளிருந்தே தின்று, பிறகு வண்டாகி வட்டமாகத் துளையிட்டு வெளியே வரும். நம் வீட்டில் பயறு டப்பாவைத் திறந்தால் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதைச் செய்யும் வண்டுக்கு இது உறவு. மெண்டல் முதன்முதலில் அச்சில் எழுதியவை மரபைப் பற்றியவை அல்ல. 1853இல் முள்ளங்கியைத் தாக்கும் ஓர் அந்துப்பூச்சியைப் பற்றியும், 1854இல் இந்தப் பட்டாணி வண்டைப் பற்றியும் வியன்னாவிலிருந்த விலங்கியல் தாவரவியல் கழகத்திற்கு எழுதிய குறிப்புகளே அவை. வண்டு விதையைத் தின்பது ஒருபுறம் இருக்க, அவருக்கு வேறொரு கவலை. அது பூவின் படகு இதழைத் திறந்துவிடுவதால் வெளி மகரந்தம் உள்ளே வந்து கணக்கைக் கெடுத்துவிடாதா? பூவுக்குள் பிடித்த ஒரு வண்டின் காலை உருப்பெருக்கியில் பார்த்தபோது மகரந்தத் துகள்கள் ஒட்டியிருந்தன. உடனே அதையும் குறித்துவைத்தார். பாத்தியில் இருந்த செடிகளோடு ஒப்பிட, பூக்கும் காலத்தில் சில செடிகளைத் தொட்டியில் வைத்துப் பூச்சி அணுகாத கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார். தன் முடிவைப் பொய்யாக்கக்கூடியது எது என்பதை முதலில் தேடிப் பார்க்கும் மனிதர் அவர்.

இனி அந்தப் புகழ்பெற்ற கணக்கு. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் பிள்ளைகள் எல்லாம் உருண்டை. சுருக்கம் அழிந்துவிட்டதுபோல் தெரியும். அந்தக் கலப்புச் செடிகள் 253ஐத் தாமாகவே காய்க்க விட்டபோது 7,324 விதைகள் கிடைத்தன. உரித்து எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த சுருக்கம் பேரப்பிள்ளைகளிடம் அப்படியே திரும்பி வந்திருந்தது. தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வந்திருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? அதற்குக் கணக்கு எழுதிப் பார்த்த முதல் மனிதர் இவர்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. பேரப்பிள்ளைகளில் உருண்டையாக இருந்தவற்றில் 565ஐ மறுபடியும் விதைத்தார். அவற்றில் 193 செடிகள் உருண்டை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டும் கலந்து தந்தன. அதாவது வெளியே ஒன்றாகத் தெரியும் உருண்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளே சுருக்கத்தையும் சுமந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு கூறுகள் உண்டு, அவை கலந்து கரைந்துவிடாமல் அடுத்த தலைமுறைக்குத் தனித்தனியே பிரிந்து போகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். பாலில் தண்ணீர் கலப்பதுபோல் பெற்றோர் குணங்கள் கலக்கின்றன என்பதே அன்றைய பொதுவான எண்ணம். எட்டு ஆண்டுகளில் சுமார் 28,000 செடிகள் அவர் கையால் கடந்து சென்றன.

சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பதை 1990ஆம் ஆண்டில்தான் அறிவியல் கண்டது. மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் ஒரு நொதிக்கான மரபணுவில், வழி தவறி வந்த ஒரு டி.என்.ஏ. துண்டு செருகிக்கொண்டிருக்கிறது. ஆகவே மாவு குறைந்து சர்க்கரை கூடுகிறது. சர்க்கரை அதிகம் இருப்பதால் இளம் விதை நிறைய நீரை இழுத்துப் பருக்கிறது. காயும்போது அந்த நீர் போய், தோல் சுருங்கிவிடுகிறது. சமையலுக்குப் பச்சையாக வாங்கும் இனிப்புப் பட்டாணியில் பெரும்பாலானவை இந்தச் சுருங்கும் வகைதான். ஏழு குணங்களில் கடைசி மூன்றுக்கான மரபணுக்களும் 2025ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டன.

மெண்டலின் எண்கள் இவ்வளவு அழகாக இருக்கின்றனவே, யாராவது திருத்தியிருப்பார்களோ என்று 1936இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் ஐயம் எழுப்பினார். அந்த விவாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் அவருடைய கட்டுரையிலேயே ஓரிடம் உண்டு. காயின் நிறத்தைச் சோதித்தபோது நூறு செடிகளில் 60க்கு 40 என்று வந்தது. அவர் எதிர்பார்த்தது மூன்றில் இரண்டு பங்கு. கணக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு சோதனையைத் திரும்பச் செய்தார். 65க்கு 35 வந்தது. இரண்டையுமே அச்சிட்டார். ஏமாற்ற நினைப்பவர் முதல் எண்ணை எழுதியிருப்பாரா?

1865ஆம் ஆண்டு பிப்ரவரி 8 மற்றும் மார்ச் 8 ஆகிய நாள்களில் பிர்னோ இயற்கை அறிவியல் கழகத்தில் தம் முடிவுகளை வாசித்தார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. கழகத்தின் வெளியீடு ஐரோப்பாவிலும் வெளியிலும் நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குச் சென்றது. தம் செலவில் 40 தனிப்படிகளும் வாங்கிச் சிலருக்கு அனுப்பினார். எதிர்ப்புகூட வரவில்லை. ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. பெயர் பெற்ற தாவரவியலாரான மியூனிக் நகரப் பேராசிரியர் நேகெலி மட்டும் பதில் எழுதினார், அதுவும் சற்றே சந்தேகத்தோடு. தம் விருப்பச் செடியான ஹாக்வீட்டைக் கொண்டு சோதிக்கும்படி அவர் ஊக்கினார்.

ஹாக்வீட் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூக்கும் சிறு செடி. ஒரு பூ என்று நாம் நினைப்பது பல நுண்ணிய பூக்களின் கொத்து. ஒவ்வொன்றிலிருந்தும் மகரந்தத்தை நீக்குவது எவ்வளவு கடினம்! இதில்தான் மெண்டலின் கண்கள் கெட்டன. பாடுபட்டதற்குப் பலனாவது கிடைத்ததா? இல்லை. பட்டாணி சொன்னதற்கு நேர்மாறாக இந்தச் செடி நடந்துகொண்டது. கலப்புப் பிள்ளைகள் முதல் தலைமுறையிலேயே பலவிதமாக வந்தன, ஆனால் அவற்றின் சந்ததியோ மாறாமல் அப்படியே இருந்தது.

காரணம் அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஹாக்வீட் வகைகள் பலவும் மகரந்தம் இல்லாமலேயே விதை தருபவை. விதை என்று தோன்றுவது தாய்ச்செடியின் நகல். அங்கே தந்தையின் பங்கு என்று ஒன்று இல்லாதபோது, மூன்றுக்கு ஒன்று எங்கிருந்து வரும்? இதை அறிய அவருக்கு எந்த வழியும் இருக்கவில்லை. எட்டு ஆண்டு உழைப்பு ஒரு செடிக்கு மட்டும் பொருந்தும் உண்மைதானோ என்ற கேள்வி அவர் முன் நின்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1869இல் அதே கழகத்தில் எழுந்து, ஹாக்வீட் பட்டாணியைப்போல் நடக்கவில்லை என்று தாமே வாசித்தார். 1870இல் அதை அச்சிலும் வெளியிட்டார். என்னைக் கேட்டால், பட்டாணிக் கட்டுரையைவிட இந்தச் சிறு கட்டுரையே அவர் எப்படிப்பட்டவர் என்பதை அதிகம் காட்டுகிறது.

இதற்கிடையே 1868ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் மடத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இனி ஆய்வுக்கு அதிக நேரம் கிடைக்கும் என்று நம்பினார். நடந்தது வேறு. வரவு செலவு, நிலபுலன், கூட்டங்கள், பயணங்கள் என்று நாள்கள் கரைந்தன. செடிகளைக் கவனிக்காமல் விட்டதற்காக நேகெலிக்கு வருந்தி எழுதினார். 1873க்குப் பின் அந்தக் கடிதங்களும் நின்றன.

தேனீக்கள் மட்டும் தொடர்ந்தன. தோட்டத்துச் சரிவில் ஒரு தேனீ வீடு கட்டி, சைப்ரஸ், எகிப்து போன்ற நாடுகளின் தேனீக்களை வரவழைத்துக் கலக்க முயன்றார். நம் ஊர்க் கொசுத்தேனீயைப் போலக் கொட்டாத தென்னமெரிக்கத் தேனீக்களைக்கூட வளர்த்துப் பார்த்தார். ஆனால் ராணித்தேனீ வானில் பறந்துதான் இணை சேரும். எந்த ஆண் தேனீயோடு என்று யார் சொல்ல முடியும்? வலைக்கூண்டுக்குள் இணைசேர வைக்க அவர் செய்த முயற்சி தோற்றது. மழை, வெயில், காற்றையும் அவர் விடாமல் குறித்துவந்தார். 1870ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று மடத்தின் கண்ணாடிகளை நொறுக்கிய சூறாவளியைக்கூட, சுழன்ற திசை உட்பட, பதறாமல் விவரித்து எழுதினார்.

கடைசிப் பத்தாண்டு கசப்பானது. வசதியான துறவு மடங்கள் சமயப் பணிகளுக்கான நிதிக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டும் என்று 1874இல் வியன்னா அரசு சட்டம் கொண்டுவந்தது. மெண்டல் மறுத்தார். மற்ற மடங்கள் ஒவ்வொன்றாகப் பணிந்தபோதும் அவர் பணியவில்லை. அரசு மடத்தின் சொத்து வருமானத்தில் கைவைத்தது. அவரை வேத சாட்சிபோலச் சித்திரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நிதி ஏழைப் பங்குக் குருக்களின் ஊதியத்துக்கும் போக வேண்டியது. ஆகவே நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பட்டாணியிடம் காட்டிய பொறுமையை அரசு அலுவலர்களிடம் அவர் காட்டவில்லை. சக துறவிகளிடமும் சந்தேகம் வளர்ந்தது. உடலும் சிறுநீரக நோயால் வீங்கியது.

1884ஆம் ஆண்டு ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று அவர் இறந்தார். வயது 61. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர் யானாசெக் அடக்கத் திருப்பலியில் இசையை நடத்தினார். ஏழைகள் திரளாக வந்து அழுதார்கள். அவர்கள் இழந்தது கொடையாளரான ஒரு மடத்தலைவரை. அவருடைய தாள்களில் பெரும்பகுதி பின்னர் எரிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 1900ஆம் ஆண்டில் ஹாலந்தின் டி விரீஸ், ஜெர்மனியின் காரென்ஸ், ஆஸ்திரியாவின் ஷெர்மாக் ஆகியோர் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின்போதுதான் அந்த 1866ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிச்சத்துக்கு வந்தது. 1910இல் பிர்னோவில் அவருக்குச் சிலை எழுந்தது. மரபியலையே பொய்யென்று சொன்ன கம்யூனிச ஆட்சிக் காலத்தில், 1950இல், மடம் மூடப்பட்டுச் சிலையும் பொது இடத்திலிருந்து அகற்றப்பட்டு மடத்து வளாகத்துக்குள் வைக்கப்பட்டது. இன்று அந்த மடத்திலேயே அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது.

தங்கையின் கடனைச் சொல்ல வேண்டும் அல்லவா? தெரேசியாவுக்கு மூன்று ஆண் மக்கள். மூவரையும் பிர்னோவுக்கு அழைத்துப் படிக்கவைத்தார் மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மடத்துக்கு வந்து அவரோடு சதுரங்கம் ஆடுவார்கள். நோயாளியின் படுக்கையருகே நிற்க முடியாமல் நடுங்கிய அந்தக் குருவின் செலவில் படித்த மருமகன்களில் இருவர் மருத்துவர்கள் ஆனார்கள். 1902ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹைன்சென்டார்ஃபில் மெண்டலுக்கு நினைவுக் கல்வெட்டுத் திறந்தபோது, ஊர் மக்கள் முன் நின்று மாமாவைப் பற்றிப் பேசியவர் அந்த மருத்துவர்களில் ஒருவரான அலோயிஸ் ஷிண்ட்லர்.